புதுக்கோட்டைப் பக்கத்து நையாண்டி மேள ராத்திரி

நாதஸ்வரமும் தவிலும் கோயில் மண்டபத்தை விட்டுத் தெருவுக்கு இறங்கி வந்தால் அது நையாண்டி மேளம். புதுக்கோட்டை மாவட்டத்தில் மாசி பிறந்தது தொடங்கி ஆடி முடியும் வரைக்கும் ஏதோ ஒரு ஊரில் இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நார்த்தாமலை, திருவப்பூர், கொன்னையூர் என்று பெரிய மாரியம்மன் கோயில்கள் ஒரு பக்கம். பெயர்ப்பலகைகூட இல்லாத காளி, அய்யனார், கருப்பர் கோயில்கள் மறுபக்கம். திருவிழா என்று நோட்டீஸ் அடித்தால் அதில் மேளத்துக்கு ஒரு வரி கண்டிப்பாக உண்டு.

மேளக்காரர்கள் கூட்டாக வருவதைச் 'செட்டு' என்பார்கள். வழக்கமான செட்டில் நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை ஒன்று, தமுக்கு ஒன்று, ஜால்ரா ஒன்று. கோயில் வாசிப்பில் இருக்கிற பெரிய மேளத்திலிருந்து இது விலகி நிற்பது பம்பையாலும் தமுக்காலும்தான். பம்பை என்பது இரட்டைக் கொட்டு. இரண்டு உருளைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருப்பார்கள், பெரும்பாலும் ஒன்று மரம், ஒன்று பித்தளை. தமுக்கு சிறிய சட்டி வடிவக் கொட்டு. இரண்டு குச்சியால் இடைவிடாமல் பொரியும். தவில் அடுத்த அடிக்கு மூச்சு வாங்கும் இடத்தையெல்லாம் தமுக்கு நிரப்பிவிடும். அதனால்தான் நையாண்டி மேளத்தில் மௌனம் என்று ஒன்று கிடையாது. முதல் தடவை கேட்கிறவர்களுக்கு வெறும் இரைச்சலாகப் படுவதும் இதனால்தான். பத்து நிமிடம் நின்று கேட்டால் போதும், தமுக்குச் சத்தம் தரைபோல ஆகிவிடும். அதற்கு மேலே தவில் நடப்பதும் ஓடுவதும் தாவுவதும் தனியாகக் காதில் விழத் தொடங்கும்.

தவில் வாசிக்கிற விதமும் வேறு. பெரிய மேளத்தில் உட்கார்ந்தோ, சாமிக்கு முன்னால் நிதானமாக நடந்தோ வாசிப்பார்கள். நையாண்டியில் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, சுற்றிச் சுழன்று வாசிப்பு. வலது கை விரல்களில் கூடு (துணியைப் பசை தடவிச் சுற்றிக் காயவைத்துச் செய்யும் விரலுறை), இடது கையில் கழி. இரண்டு தவில்காரர்கள் எதிரெதிரே நின்று கேள்வியும் பதிலுமாக அடிக்கத் தொடங்கினால் கரகம் ஆடுகிறவர்களே ஓரமாக ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். ஒரு இரவில் கேட்க வேண்டிய இடம் இதுதான். ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கும். மேளத்தைக் கேட்கிறவன் தவிலுக்குப் பத்தடி தூரத்தில், ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கம் இடம் பிடித்துவிடுவான்.

நையாண்டி என்றால் கேலி. கோமாளியின் கேலிப் பேச்சுக்கும் கேலி ஆட்டத்துக்கும் ஈடு கொடுத்து வாசிப்பதால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. கோயில் வாசிப்பை உயர்வாகவும் தெரு வாசிப்பைத் தாழ்வாகவும் வைத்துப் பார்த்த பார்வையும் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும், தொழிலின் பெயரிலேயே ஒரு இளக்காரம். அதைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துகொண்டு, அந்தப் பெயரைச் சொல்லியே அச்சாரம் வாங்கி வாசிக்கிறார்கள்.

உலகத்தின் இன்னொரு மூலையில் இதேபோலப் பெயர் வாங்கிய இசை ஒன்று இருக்கிறது. ராக்கபில்லி. 'ராக்' என்பதோடு 'ஹில்பில்லி' சேர்ந்த சொல். ஹில்பில்லி என்பது அமெரிக்காவின் தெற்கு மலைப்பகுதி ஏழை வெள்ளைக்காரர்களை நகரத்துக்காரர்கள் கூப்பிட்ட பெயர். நம் ஊரில் 'பட்டிக்காட்டான்' என்கிற மாதிரி. 1954 ஜூலை 5 அன்று மெம்ஃபிஸ் நகரத்தில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திய ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்விஸ் பிரெஸ்லி, கிடார் வாசித்த ஸ்காட்டி மூர், பாஸ் வாசித்த பில் பிளாக் மூன்று பேரும் ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். அது கறுப்பினப் பாடகர் ஆர்தர் கிரூடப்பின் ப்ளூஸ் பாட்டு. இசைத்தட்டின் மறுபக்கத்துக்கு அவர்கள் எடுத்தது பில் மன்றோவின் நாட்டுப்புறப் பாட்டு. மன்றோ ஆற அமரப் பாடியதை இவர்கள் வேகமாக்கிவிட்டார்கள். கறுப்பர் பாட்டு ஒரு பக்கம், மலைக்காட்டு வெள்ளையர் பாட்டு ஒரு பக்கம். ராக்கபில்லியின் முழு வரலாறும் அந்த ஒரு தட்டில் இருக்கிறது.

அந்தப் பதிவில் டிரம்ஸ் கிடையாது. தாளத்தைத் தந்தது பில் பிளாக்கின் பாஸ். ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்த வாத்தியத்தின் கம்பியை இழுத்து விட்டால் அது பலகையில் மோதி 'டக்' என்னும். நடுநடுவே உள்ளங்கையால் ஒரு அறை. கம்பி வாத்தியத்தையே கொட்டாக்கிய வேலை அது. (தவில் கழி விழுகிற சத்தத்தில் வளர்ந்த காதுக்கு இந்த 'டக்' உடனே பிடிபடும்.)

இதற்கு அடுத்த தலைமுறைதான் சைக்கோபில்லி. 1976ல் ஜானி கேஷ் பாடிய ஒரு பாட்டில் வெவ்வேறு வருடத்துக் கார்களின் உதிரிப் பாகங்களைத் திருடித் திருடி ஒருவன் ஒரு காரைச் சேர்ப்பான். அந்தக் காருக்குப் பாட்டில் கிடைத்த அடைமொழி இந்தச் சொல். நியூயார்க்கின் கிராம்ப்ஸ் குழு அதைத் தங்கள் விளம்பரத் தாள்களில் போட்டுக்கொண்டது. 1980ல் லண்டனில் உருவான மீட்டியார்ஸ் குழு பழைய ராக்கபில்லியைப் பங்க் இசையின் வேகத்தோடும் பேய்ப்படக் கதைகளோடும் கலந்து அதை ஒரு தனி இசையாகவே ஆக்கிவிட்டது. 1989ல் கோபன்ஹேகனில் தொடங்கிய நெக்ரோமான்டிக்ஸ் குழுவின் கிம் நெக்ரோமான் சவப்பெட்டி வடிவத்தில் பாஸ் செய்து வாசித்தார். கேட்க வருகிறவர்கள் மேடைக்கு முன்னால் கையை வீசி, தோளில் இடித்து, கீழே விழுந்தவனைத் தூக்கிவிட்டு ஆடும் ஆட்டத்துக்கு 'ரெக்கிங்' என்று பெயர்.

இந்த இசைகள் வானொலியில் பெரிதாக ஒலிப்பதில்லை. இவற்றை உயிரோடு வைத்திருப்பது வார இறுதிக் கூடல்கள்தான். இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் ஹெம்ஸ்பி என்ற சின்ன ஊரில் 1988ல் தொடங்கியது ஒன்று. லாஸ் வேகாஸில் 1998லிருந்து நடப்பது இன்னொன்று. கூட்டாளிகள் சேர்ந்து அறை எடுப்பார்கள், தலைமுடியை முன்னால் தூக்கிச் சீவிக்கொள்வார்கள், மூன்று நான்கு நாள் இரவும் பகலும் கேட்பார்கள், ஆடுவார்கள், அடுத்த வருடம் அதே இடத்தில் அதே முகங்களைப் பார்ப்பார்கள். எங்கோ ஒரு தொழிற்சாலையில், ஒரு கடையில் வேலை பார்க்கிறவர்கள் அந்த மூன்று நாளுக்காக வருடம் முழுக்கக் காசு சேர்க்கிறார்கள்.

புதுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போயிருக்கிற பிள்ளைகள் விடுப்பைத் திருவிழாவுக்குத் தோதாக வாங்குவதும் இதே கணக்குத்தான்.

மாரியம்மன் கோயில்களில் எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது பூச்சொரிதல். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வைப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஒவ்வொரு ஊரும், தெருவும், சங்கமும் தனித்தனியாகப் பூத்தட்டு எடுத்து வரும். வண்டியில் மின்விளக்கால் அம்மன் உருவம், முன்னால் மேளம், பின்னால் பூத்தட்டு ஏந்திய பெண்கள். திருவப்பூரில் மாசியிலும், நார்த்தாமலையிலும் கொன்னையூரிலும் பங்குனியிலும் இந்த இரவைப் பார்க்கலாம். ஒரே ராத்திரியில், ஒரே சாலையில், ஒன்றன்பின் ஒன்றாகப் பல செட்டுகள் வரும். ஒரு செட்டு கடந்து போகும்போது அதன் தாளமும் அடுத்த செட்டின் தாளமும் சற்று நேரம் ஒன்றோடொன்று மோதிக் கலங்கும், பிறகு புதியது மேலோங்கும். எந்தச் சபாவிலும் கிடைக்காத அனுபவம் அது. எந்த ஊர் மேளம் நன்றாக இருந்தது என்ற வாதம் மறுநாள் டீக்கடை வரைக்கும் நடக்கும்.

கூட்டாளிகளோடு போகிறவர்கள் அந்த இரவைத் திட்டம் போட்டே நடத்துவார்கள். ராத்திரி பத்துக்கு மேல் கிராமத்துப் பேருந்தை நம்ப முடியாது. அதனால் இரண்டு மூன்று வண்டிகளில் கிளம்பி, கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே தெரிந்தவர் வீட்டு வாசலில் நிறுத்திவிட வேண்டும். உள்ளே கொண்டு போன வண்டியை விடிந்த பிறகுதான் எடுக்க முடியும். கழுத்தில் ஒரு துண்டு. அது வியர்வைக்கும் ஆகும், பனிக்கும் ஆகும், விடிகாலையில் மண்ணில் விரித்துப் படுக்கவும் ஆகும். கூட்டத்தில் பிரிந்துபோனால் எங்கே சேர்வது என்பதை முன்னாடியே பேசிக்கொள்வார்கள். ராட்டினத்தடி, இல்லாவிட்டால் வளையல் கடை முனை. 'மாப்ள, பாலையா செட்டு வந்தா போன் போடு' என்கிற மாதிரி தவில்காரர் பெயரைச் சொல்லிப் பேசுகிற கூட்டம்தான் உண்மையான ரசிகர் கூட்டம்.

பூச்சொரிதலுக்குப் பிறகு காப்புக்கட்டு. அங்கிருந்து எட்டுப் பத்து நாள் ஒவ்வொரு நாளும் ஒரு மண்டகப்படி. ஊர்ச்செலவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் ஒரே தொகை. நோட்டீஸில் பெரிய எழுத்தில் யார் பெயர் வந்தாலும் மேளத்துக்கான காசில் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு இருக்கிறது. திருவிழா மேளத்தை ஓசிக் கச்சேரி என்று யாரும் சொல்ல முடியாது.

மேளத்துக்குப் பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. பகலில் பால்குடம், காவடி, அக்கினிச்சட்டி. அலகு குத்தியவருக்கு நடை தளர்ந்தால் தவில் காலத்தைக் கூட்டும். அருள் வருகிற முகத்தைத் தவில்காரர் கண்டுபிடித்து, அவர் பக்கம் திரும்பி, அவருடைய காலடிக்கு அடியை மாற்றிக் கொடுப்பார். அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) பாடிய காவடிச்சிந்து மெட்டுகள் நாதஸ்வரத்தில் வரும். இரவில் அதே ஆட்கள், அதே வாத்தியம், தெம்மாங்கும் கும்மியும் சினிமாப் பாட்டும் வாசிப்பார்கள். சாமிக்கு வாசித்தவர்களே கேளிக்கைக்கு வாசிப்பதைக் குறையாகப் பேசுகிறவர்கள் உண்டு. குறையாக அதில் ஒன்றுமே இல்லை. 1956 டிசம்பர் 4 அன்று எல்விஸ், ஜானி கேஷ், கார்ல் பெர்கின்ஸ், ஜெரி லீ லூயிஸ் நால்வரும் அதே மெம்ஃபிஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் தற்செயலாக ஒன்றுகூடியபோது நிறையப் பாடியது தேவாலயப் பாட்டுகளைத்தான். பக்தியில் பழகிய கையும் குரலும்தான் கேளிக்கைக்கும் வேகம் கொடுக்கின்றன. இரண்டையும் ஒரே ஆளால் செய்ய முடிவது ஒரு தேர்ச்சி.

இரவு நிகழ்ச்சி பெரும்பாலும் மேளத்தை மட்டும் வைத்தே தொடங்கும். பிள்ளையாருக்கு ஒரு உருப்படி, பிறகு அம்மனுக்கு, அப்புறம் வேகம் ஏறும். அதன் பிறகே கரகம். சாமிக்கு எடுப்பது சக்திக் கரகம், ஆடுவது ஆட்டக் கரகம். செம்பின் உள்ளே சில கிலோ அரிசியோ மணலோ இருக்கும். மேலே பூ அலங்காரம், உச்சியில் சுழலும் கிளி. கையால் பிடிக்காமல் அதைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்து, உருண்டு, தரையில் கிடக்கும் ஊசியைக் கண் இமையால் எடுப்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் தவில் சத்தம் குறைந்து, தமுக்கு மட்டும் மெல்லப் பொரிந்துகொண்டிருக்கும். ஊசி இமைக்கு வந்த அந்த நொடியில் செட்டு மொத்தமும் ஒரே அடியில் எழும். பார்க்கிறவர்களுக்கு மெய் சிலிர்ப்பது ஊசியால் பாதி, அந்த அடியால் பாதி. கரகத்தோடு பொய்க்கால் குதிரை, மயில், மாடு வேடங்களும் கோமாளியும் வருவார்கள். நன்றாக வாசித்தவருக்குச் சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்துவதும், மைக்கில் பெயர் சொல்லி அன்பளிப்பை அறிவிப்பதும் நடுநடுவே நடக்கும்.

1989ல் கங்கை அமரன் இயக்கி இளையராஜா இசையமைத்த 'கரகாட்டக்காரன்' வந்த பிறகு இந்தக் கலைக்கு ஊருக்கு வெளியேயும் ஒரு முகம் கிடைத்தது. ஆனால் அதே காலத்துக்குப் பிறகு ஆட்டத்தில் ஆபாசம் கூடிவிட்டது என்ற புகாரும் வலுத்தது. புகாரில் உண்மை இருக்கிறது. அதற்கான பொறுப்பை மேடையில் ஆடுகிற பெண்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. அப்படித்தான் வேண்டும் என்று கேட்டு அச்சாரம் கொடுக்கிறவர்களும், கீழே நின்று கூச்சல் போடுகிறவர்களும் ஊர்க்காரர்களே. கரகத்தோடு ஆடப்பட்ட குறவன் குறத்தி ஆட்டம் ஒரு சமூகத்தையே இழிவு செய்கிறது என்று நெடுநாள் போராட்டம் நடந்தது. 2023ல் தமிழக அரசு அந்தப் பெயரில் ஆடுவதற்குத் தடை விதித்தது. ஒரு சமூகத்தின் வலி அது. சரியான முடிவு.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று 'ஆடல் பாடல்'. அது பதிவு செய்த சினிமாப் பாட்டுக்கு மேடையில் ஆடுவது. போலீஸ் அனுமதி கிடைக்காமல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகிற வழக்குகள் பெரும்பாலும் ஆடல் பாடல் வழக்குகளே. ஆனால் நேரக் கட்டுப்பாடு மேளத்தையும் தொடுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். விடிய விடிய நடந்த ஆட்டம் இப்போது பல ஊர்களில் முன்னிரவுக்குச் சுருங்கியதற்கு இது ஒரு காரணம். தவிலுக்கும் பம்பைக்கும் ஒலிபெருக்கியே தேவையில்லை. அதில்லாமல் கேட்கும்போதுதான் தமுக்கின் உண்மையான சத்தம் தெரிகிறது.

இசைக்குப் புதுக்கோட்டை புதிய ஊர் அல்ல. குடுமியான்மலைக் குன்றில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது, ஸ்வரங்களை வரிசை வரிசையாக வெட்டி வைத்த கல்வெட்டு. அது அரசன் வெட்டியது. தெருவிலிருந்து வந்ததற்கும் இதே ஊரில் சாட்சி உண்டு. அரண்மனையில் விளக்கேற்றும் வேலை பார்த்த மான்பூண்டியா பிள்ளை (1857–1922) தாளம் கற்றது மாரியப்பத் தவில்காரரிடம். பஜனைகளில் தட்டிக்கொண்டிருந்த சின்னக் கஞ்சிராவை அவர் கச்சேரி வாத்தியமாக உயர்த்தினார். அவருடைய சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் தன் காலத்தில் தலைசிறந்து நின்றார். 'புதுக்கோட்டை பாணி' என்று இன்று கர்நாடக இசைக்காரர்கள் மரியாதையோடு சொல்கிற கணக்கு ஒரு தவில்காரர் திண்ணையில் தொடங்கியது. 2024ல் கிராமி விருது வாங்கிய சக்தி குழுவில் செல்வகணேஷ் வாசித்ததும் அதே கஞ்சிராதான்.

நையாண்டிக்கு அந்த ஏற்றம் வரவில்லை. புதுக்கோட்டை அரசு இசைப்பள்ளியில் நாதஸ்வரமும் தவிலும் சொல்லித் தருகிறார்கள். பம்பை, தமுக்கு படிக்க வேண்டுமானால் செட்டோடு அலைய வேண்டும். பையன் முதலில் ஜால்ரா பிடிப்பான், பிறகு தமுக்கு, கை திருந்தினால் பம்பை, கடைசியில் தவில். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று நல வாரியம் 2007ல் வந்தது. இருந்தும் மழைக்காலத்தில் பெரும்பாலான செட்டுகளுக்கு வாசிப்பு இல்லை. அந்த மாதங்களில் கூலி வேலைக்குப் போகிறார்கள், கூடு மாட்டிய விரல்கள் மண்வெட்டி பிடிக்கின்றன. பாட்டுப் பக்கம் காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. இதே மாவட்டத்துக் களபம் கிராமத்துச் செந்தில் கணேஷ் 2018ல் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் நாட்டுப்புறப் பாட்டையே பாடிப் பட்டம் வாங்கினார். 2020ல் சென்னையில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மேளத்துக்கு மட்டும் இருக்கை போட்டு, ஆட்டம் இல்லாமல், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிற ஒரு மேடை புதுக்கோட்டை நகரத்திலேயே அமைந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. காலையிலேயே தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர். முறைக்காரர்களைத் தேடித் துரத்தி ஊற்றுவார்கள். ராத்திரி முழுக்க முழித்த கூட்டாளிகள் கண் சிவந்து, சட்டை மஞ்சளாகி, தொண்டை கட்டி நிற்பார்கள். செட்டு வீடு வீடாக வந்து கடைசி வாசிப்பை வாசித்துவிட்டு, சாமி மண்டபத்தில் ஏறியதும் காப்பு அவிழ்க்கும்போது ஒரு கெட்டி மேளம் அடித்து நிறுத்தும். கூட்டைக் கழற்றி டப்பாவில் போட்டு, தவிலை உறையில் கட்டி, மீதிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வேனில் ஏறுவார்கள். அடுத்த ஊரில் அன்று சாயங்காலம் பால்குடம்.